இரண்டு முறை கல்லான ஊர்

திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் திருவக்கரை என்றாலே பௌர்ணமிதான். அம்மா மத்தியானமே புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டிவிடுவார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, நள்ளிரவு 12 மணிக்குக் காளி கோயிலில் ஜோதி பார்த்து, கோயில் வாசலிலேயே துண்டை விரித்துப் படுத்து, விடிந்ததும் முதல் வண்டியில் வீடு திரும்புவோம். பதினைந்து வருஷம் இப்படிப் போய் வந்திருக்கிறேன். அந்த ஊரை ஒரு நாள்கூடப் பகலில் பார்த்ததில்லை.

பகலில் பார்த்தது ஒரு கார்த்திகை மாதத்தில். முந்தின ராத்திரி முழுக்க மழை. மயிலம் தாண்டி, பெரும்பாக்கத்தில் பிரிகிற சாலையில் போக ஆரம்பித்ததுமே மண்ணின் நிறம் மாறுகிறது. மிளகாய்த் தூளைக் கரைத்து ஊற்றியது மாதிரிச் செக்கச்செவேல் என்ற மண். மழை அறுத்த ஓடைகள், முந்திரித் தோப்பு, நடுநடுவே பனை. ஆற்றை நெருங்க நெருங்க நெல் வயல். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, "கல்மரம் பாக்கவா? மழைக்கு நல்லா இருக்கும், போங்க" என்றார் கடைக்காரர். மழைக்கு ஏன் நன்றாக இருக்கும் என்று அப்போது விளங்கவில்லை. அரை மணி நேரத்தில் விளங்கியது.

கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், கம்பி வேலிக்குள் இருக்கிறது தேசியக் கல்மரப் பூங்கா. உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது, யாரோ வெட்டிப் போட்டுவிட்டு எடுத்துப்போக மறந்த மாதிரிக் கிடக்கும் அடிமரங்கள். செம்மண் மேட்டில் பாதி புதைந்து, பாதி வெளியே தெரிய, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. சில துண்டு துண்டாக, ரம்பம் வைத்து அறுத்தது போல. மரவாடியில் அடுக்கிய கட்டைக்கும் இதற்கும் தூரத்தில் வித்தியாசம் சொல்லவே முடியாது. கிட்டே போய்க் கை வைத்தால்தான் சில்லென்று கல்.

நான் குந்தி உட்கார்ந்து பார்த்த ஒரு துண்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு ஆள் கட்டிப் பிடிக்கிற பருமன். வெயில் காலத்தில் வெறும் சாம்பல் நிறமாக இருந்திருக்கும். மழை ஊறிக் கிடந்ததால் குறுக்கு வெட்டு முகம் முழுக்க நிறம் பொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் காப்பிப் பொடி நிறம், அதைச் சுற்றித் தேன், ஓரத்தில் வெண்ணெய் போல வெளுப்பு, இடையில் கத்தரிப்பூ ஊதாவில் ஒரு கீற்று. அதில் வளையங்கள்! ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய கோடுகள். விரல் நகத்தால் தடவினால் அந்தக் கோடு நெருடுகிறது. ஒரு இடத்தில் கணு. அந்தக் கணுவை வளைத்துக்கொண்டு நார்கள் திரும்பிப் போகின்றன, தச்சர் இழைத்த தேக்குப் பலகையில் பார்ப்போமே, அப்படியே. பக்கத்தில் கிடந்த சின்னச் செதிலைப் பேனாக் கத்தியால் கீறிப் பார்த்தேன். கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்லில் கோடாக ஒட்டியது, கல்லில் கீறல் இல்லை. செதிலைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மரம் குவார்ட்ஸாகியிருக்கிறது, அது எஃகுக் கத்தியைவிடக் கடினம்.

அந்த மரத்துக்கு வயசு சுமார் 2 கோடி ஆண்டு.

பழுத்த இலையே பத்து நாளில் மக்கிப் போகிற மண் நம்முடையது. அதில் ஒரு மரம் எப்படி நின்றது? வெட்டுப்பட்ட மரத்தைக் காற்றும் கரையானும் பூஞ்சையும்தான் தின்று தீர்க்கின்றன. இந்த மரங்களோ வெள்ளத்தில் வந்து, மணலும் களிமண்ணும் மூடி, காற்றுப் புகாத ஆழத்தில் அமிழ்ந்துவிட்டன. அந்த மணலுக்குள் ஊறிய நிலத்தடி நீரில் சிலிக்கா கரைந்திருந்தது. சோடா பாட்டில் கண்ணாடிக்கும் ஆற்று மணலுக்கும் அடிப்படையான அதே பொருள். நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, சிலிக்காவை அங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் படியவைத்தது. மரம் அழிகிற வேகமும் கல் படிகிற வேகமும் ஒத்துப்போனதால், அறை அறையாக, நார் நாராக, மரத்தின் உருவம் அப்படியே கல்லில் இறங்கிவிட்டது. மண்ணில் இருந்த இரும்பும் மற்ற தாதுக்களும் நிறம் கொடுத்தன. நான் மழையில் பார்த்த அந்தத் தேன் நிறம் எல்லாம் அந்தத் தாதுக்களின் வேலை.

வெள்ளத்தில் வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? மரங்களையே உற்றுப் பாருங்கள். கிளை இல்லை, இலை இல்லை, பட்டை இல்லை, வேர் இல்லை. எல்லாம் மொட்டை அடிமரம். நின்ற இடத்திலேயே புதைந்திருந்தால் வேராவது இருந்திருக்க வேண்டும். எங்கேயோ வளர்ந்த காட்டைப் பெருவெள்ளம் பிடுங்கி உருட்டிக்கொண்டு வந்து இங்கே போட்டிருக்கிறது. நான் போன அன்று மேட்டு ஓடையில் மழைத்தண்ணீர் ஒரு கருவேலங்கிளையை அடித்துக்கொண்டு வந்து, செம்மண் சேற்றில் பாதி புதைத்துவிட்டுப் போயிருந்தது. 2 கோடி வருஷத்துக்கு முந்தின சங்கதி என் செருப்புக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

சுமார் 200 கல்மரங்கள், 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் நீளம் வரை. பூங்கா கிட்டத்தட்ட 250 ஏக்கர், பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அதில் நாம் சுற்றிப் பார்ப்பது ஒரு சின்னப் பகுதியைத்தான். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துக் காக்கிற இடம் இது. ஆராய்ந்தவர்கள் சொல்கிற மரக் குடும்பங்களைக் கேட்டதும் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது: புளி இருக்கும் குடும்பம், ஆமணக்கு இருக்கும் குடும்பம், கடுக்காயும் மருதமும் இருக்கும் குடும்பம். எங்கள் தெருக்கோடியில் நிற்கிற புளியமரத்தின் பாட்டன் முப்பாட்டன் இங்கே கல்லாகப் படுத்திருக்கிறான்! கூடவே ஊசியிலை மர வகையும் இருக்கிறது. வெக்கையில் வேகும் இந்த ஊரில் ஊசியிலை மரம் என்றால், அந்தக் காலத்து மழையும் காடும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடக்கலாம்.

உலகத்துக்கு இதை முதலில் எழுதிச் சொன்னவர் பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர், 1781ல். இயற்கையியல் ஆய்வாளர். நம்முடைய சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு உயிரியலில் காலஸ் சொன்னராட்டி என்று பெயர். அந்தச் சொன்னரா இவர்தான். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் இருக்கிற 18 மீட்டர் நீளக் கல்மரம் பற்றிப் பலருக்குத் தெரியும். அது டைனோசர் காலத்தது, இதைவிடப் பல மடங்கு மூத்தது. நான் அதையும் போய்ப் பார்த்தேன். மூத்ததுதான், பிரமாதம்தான். ஆனால் அது ஒற்றை மரம். திருவக்கரை ஒரு காடு. என் ஓட்டு காட்டுக்கே.

இந்த மண்ணுக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். ஆரோவில் மேட்டின் சிவப்பும் இதுதான். தெற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைப்பதும் இதே பாறைத் தொகுதியோடு சேர்ந்த அடுக்குகளில்தான். நிலக்கரியும் பழைய காடுதானே. ஒரு பக்கம் காடு கரியாகி நம் வீட்டு பல்புக்கு மின்சாரம் தருகிறது, இன்னொரு பக்கம் கல்லாகி மல்லாந்து கிடக்கிறது. இரண்டும் சில மணி நேரப் பயணத்துக்குள். விழுப்புரம், கடலூர் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலவியல் பாடம் நடத்த இதைவிட நல்ல வகுப்பறை வேறெங்கே கிடைக்கும்? சுற்றுலா என்று பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிற ஆசிரியர்களிடம் நான் பார்க்கும்போதெல்லாம் மன்றாடுகிறேன்.

வேலிக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இதெல்லாம் என்ன பாட்டி?"

"மரம்னு படிச்சவங்க சொல்றாங்க. எங்க ஆயா காலத்துல எலும்புன்னுதான் சொல்லுவாங்க. வக்கிராசுரன் எலும்பு. பெருமாள் சக்கரத்தால வெட்டிப் போட்டாருல்ல, அது."

கல் மாதிரி இருக்கிறது, ஆனால் கல் இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஒன்றின் மிச்சம் என்று ஊர் ஜனம் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டது. எந்த உயிர் என்பதில்தான் ஆய்வாளருக்கும் ஆயாவுக்கும் கருத்து வேறுபாடு. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எனக்குக் கோயிலும் பூங்காவும் வேறு வேறாகத் தெரிவதில்லை.

அன்றைக்குக் கோயிலுக்கும் பகல் வெளிச்சத்தில் முதல் தடவையாகப் போனேன். வக்கிராசுரன் என்ற அசுரனைப் பெருமாள் வதைத்தார். அவன் தங்கை துன்முகியைக் காளி வதைத்தாள். துன்முகி வயிற்றில் இருந்த சிசுவைக் கொல்லாமல் எடுத்துத் தன் காதில் குண்டலமாகப் போட்டுக்கொண்டாள். இது தலபுராணம். சின்ன வயதில் கூட்டத்துக்கு நடுவே எம்பி எம்பிப் பார்த்ததில் காளியின் காது தெரிந்ததே இல்லை. அன்று நின்று நிதானமாகப் பார்த்தேன், அந்தக் குண்டலம் தெரிந்தது. காளி சன்னதியை வலமாக 5 சுற்று, இடமாக 4 சுற்று வருவது இங்கே வழக்கம். பெருமாளும் உள்ளேயே வரதராஜராக நிற்கிறார், கையில் ஏவத் தயாராக இருக்கும் பிரயோகச் சக்கரத்தோடு.

இந்தக் கோயிலில் நேராக எதுவுமே இல்லை என்பதைப் பகலில்தான் கவனிக்க முடியும். ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, கருவறை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், வழக்கம் அது. இங்கே ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. நடராஜர் ஆடுவது வக்கிர தாண்டவம் என்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரு திருகல். ஊரின் பெயரில் இருக்கும் வக்கிரத்தைச் சிற்பியும் காதில் வாங்கிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்.

மூலவர் சந்திரமௌலீசுவரர். வழவழவென்ற பாணம் இல்லை, மூன்று முகம் கொண்ட லிங்கம். கிழக்கே தத்புருஷம், வடக்கே வாமதேவம், தெற்கே அகோரம். முகலிங்கங்களே நம் பக்கம் அபூர்வம். அதில் இப்படி மூன்று முகத்தோடு, பூசையில் இருக்கிற மூலவராகவே பார்ப்பது இன்னும் அபூர்வம். தீபாராதனைத் தட்டு மெல்ல நகரும்போது வெளிச்சம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போகும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் வந்து பாடிய தலம். தேவாரப் பாடல் பெற்ற தொண்டை நாட்டுத் தலங்கள் 32ல் இது 30வது என்று எண்ணுவார்கள். மிச்சம் இரண்டான அரசிலியும் இரும்பை மாகாளமும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. சம்பந்தர் பார்த்த கோயில் இப்போது நாம் பார்க்கிற கருங்கல் கோயில் அல்ல. அந்த மாற்றத்தைச் செய்தவர் செம்பியன் மாதேவி.

இந்த அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் திருவக்கரையை விட்டு நகர மாட்டேன். கண்டராதித்த சோழரின் ராணி, உத்தம சோழனின் தாய். கணவர் போன பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர். அந்தக் காலம் முழுக்க ஒரே வேலையை எடுத்துக்கொண்டார்: செங்கல்லாக நின்ற பழைய பாடல் பெற்ற தலங்களைக் கல்லாக மாற்றிக் கட்டுவது. கோனேரிராஜபுரம், ஆடுதுறை, திருக்கோடிக்கா, விருத்தாசலம் என்று அந்த வரிசை நீளம். திருக்கோடிக்காவில் பழைய சுவரைப் பிரிக்கும்போது அதில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டவைத்தவர். முன்னால் யார் என்ன கொடுத்தார்கள் என்பது அழியக்கூடாது என்ற அக்கறை! ஆயிரம் வருஷத்துக்கு முன் அவருக்கு இருந்த அந்த அக்கறையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. திருவக்கரைத் திருப்பணி முதலாம் ராஜராஜனின் 16ம் ஆட்சியாண்டில், அதாவது 1001ல். அவருடைய வாழ்வின் கடைசிக் காலத்தில் நடந்த வேலைகளில் ஒன்று.

மழை விட்ட சாயங்காலம் பிரகாரத்துக் கல்லில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் நீர் ஒரு காட்டை அறை அறையாகக் கல்லாக மாற்றியிருக்கிறது, உருவம் கெடாமல். அதே ஊரில் ஒரு மூதாட்டி ஒரு செங்கல் கோயிலைக் கல்லாக மாற்றியிருக்கிறார், தலத்தின் பெயர் கெடாமல். அவருக்குக் கல்மரம் பற்றித் தெரிந்திருக்குமா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இங்கே வந்து போகிற ஒருவருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

கோயிலை ஒட்டி ஆறு. வராக நதி, செஞ்சியாறு, சங்கராபரணி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். செஞ்சி மலைகளில் பிறந்து, வீடூர் அணையில் தொண்டியாற்றோடு சேர்ந்து, இந்த வழியாகப் புதுச்சேரிக்குப் போய்க் கடலில் விழுகிறது. அன்றைக்கு இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் ஓடியது. முழங்கால் வரை இறங்கி நின்றேன். காலடியில் மணல் உருண்டு நகர்வது தெரிந்தது.

மனம் நொந்த விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவினர் ஒருவர் வீட்டு ஷோகேஸில் ஒரு கல்மரத் துண்டு இருந்தது, கண்ணாடிக் குதிரைக்கும் தாஜ்மகால் பொம்மைக்கும் நடுவில். என்றைக்கோ திருவக்கரை போனபோது பையில் போட்டுக்கொண்டு வந்ததாம். இப்படி ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுத்தால் என்ன மிஞ்சும்? சுற்றுவட்டாரம் எங்கும் கருங்கல் குவாரிகள் வேறு. ஜல்லி லாரிகள் போகிற சாலையில் புழுதி அடங்குவதே இல்லை. பூங்காவுக்கு வேலி இருக்கிறது, சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அது போதாது. பூங்கா முழுக்கத் தமிழில் விளக்கப் பலகைகள் வேண்டும், எந்த மரம் எந்தக் குடும்பம், வளையம் என்றால் என்ன, ஏன் கிளை இல்லை என்று ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி. பௌர்ணமிக்கு வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் பத்தில் ஒருவர் பகலில் இந்தப் பக்கம் திரும்பினாலே ஊரின் தலையெழுத்து மாறும்.

அந்த உறவினர் வீட்டில் நான் இதையெல்லாம் சொன்னபோது, அண்ணி எழுந்துபோய் ஷோகேஸைத் திறந்து அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். "போறப்ப அங்கியே போட்டுடுங்க தம்பி. தெரியாம எடுத்துக்கினு வந்துட்டோம்" என்றார். அடுத்த தடவை போனபோது பூங்காவில் இருந்த காவலாளியிடம் அதை ஒப்படைத்தேன்.

அதற்குப் பிறகு ஏழு தடவை போய்விட்டேன். பிள்ளைகளோடு, நண்பர்களோடு, ஒரு முறை எண்பது வயது அம்மாவோடு. அம்மா கல்மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வைரம் பாஞ்ச கட்டை" என்றார். எனக்குத் தெரிந்த வரை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரி போகும் சாலையில் பெரும்பாக்கம் வந்து, அங்கிருந்து பிரிந்தால் 7 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து வருகிறவர்கள் கூட்டேரிப்பட்டில் திரும்பி மயிலம் முருகனைப் பார்த்துவிட்டு வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை போனால் கல்லில் நிறம் முழுசாகத் தெரியும். பௌர்ணமிக்குப் போகிறவர்கள் ராத்திரி பஸ்ஸை நம்பாமல் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பூங்காவில் இரண்டு மணி நேரம், ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம், வெளிச்சம் இருக்கும்போதே மூன்று முகத்தையும் காளியின் காதையும் பார்த்துவிடுங்கள். ஜோதி 12 மணிக்குத்தான்.